பொட்டு வைக்க இடமில்லாத மெஷின்கள்

அண்ணாச்சி, ஜன்னலோரத்த எனக்கு விட்டுருங்க. பஸ்ல எனக்குக் குமட்டும். நீங்க இந்தப் பக்கம் வாங்க, பைய மடியில வச்சுக்கிடுங்க. ம், இப்பச் சரி.

மணி என்ன? மூணேகாலா? ஒங்க வாட்ச் பிந்துது. மூணு பதினெட்டு. நான் சொன்னா சரியா இருக்கும், எனக்கு வேலையே மணி சொல்லுததுதான். சிரிக்காதீய. ஒரு ஆஸ்பத்திரில நானூறு கம்ப்யூட்டர் இருக்கு, அத்தனைக்கும் மணி சொல்லிக் குடுக்குதது இந்தக் கோமதிநாயகம்தான். பதிமூணு வருசமா. பேரு சொன்னா ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிதான், ஆனா சொல்ல மாட்டேன். அவுக பேரக் கெடுத்துட்டேன்னு இதுக்கும் ஒரு லெட்டர் வந்துரும்.

இன்னைக்கி நான் எங்க போறேன்னு கேளுங்க. ஆலங்குளம் தாண்டி பூலாங்கரைன்னு ஒரு ஊரு. பஸ் ஸ்டாப்புல நிழற்குடை இருக்காம். அங்க நாலு மணிக்கு ஊர்க்காரனெல்லாம் கூடி நிப்பானாம். நான் எறங்கி, நடுவுல நின்னு, "தப்பு இசக்கியம்மா மேல இல்ல, என் மேலதான்"னு சொல்லணுமாம். சொல்லிட்டு, செத்துப்போன ஆளோட சம்சாரத்துகிட்ட இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வாங்கணுமாம். இந்தா பாருங்க, கீழ புள்ளி வச்சு இடம் விட்டிருக்காவ. இது இல்லாம திங்கக்கெழம ஆபீஸுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி செக்ரட்டரி உத்தரவு. கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோட இருக்க மனுசன் பண்ணுத காரியமா இது? நீங்களே சொல்லுங்க.

என்ன தப்புன்னு கேக்குதீய. அதான் நானும் கேக்குதேன்.

ஆயுத பூஜை அன்னைக்கி நடந்தது. எங்க ஆஸ்பத்திரில ஆயுத பூஜை பெருசாப் பண்ணுவோம். ஆம்புலன்ஸுக்கெல்லாம் மாலை, எக்ஸ்ரே மெஷினுக்குச் சந்தனம், கேண்டீன் கரண்டிக்குக்கூடக் குங்குமம். எங்க டிபார்ட்மெண்ட்ல சர்வர் ரூம் இருக்கு, அது என் பொறுப்பு. அங்க முன்னெல்லாம் இருபது பெட்டி வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வைப்பேன். நாலு வருசம் முன்னாடி அத்தனையையும் தூக்கிட்டு ஒரே ஒரு பெரிய மெஷின் வாங்கினோம். அந்த ஒண்ணுக்குள்ளயே இருபது மெஷின் ஓடும். விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாவ. பேரு இருக்கும், வேலை செய்யும், உடம்புதான் கிடையாது.

எலக்ட்ரிகல்ல சண்முகவேல்னு ஒருத்தன் இருக்கான். பல்ல இளிச்சுக்கிட்டே குத்துவான். அன்னைக்கி நான் தாம்பாளத்தோட நிக்கேன், இவன் எல்லாரு முன்னாலயும் கேக்குதான்: "ஏம்வே கோமதி, இருபது மெஷின் வச்சிருக்கேன்னு சம்பள உயர்வு கேக்கும்போது சொன்னீரு. பொட்டு வைக்க ஒரு மூஞ்சிதான இருக்கு. மத்த பத்தொம்பதும் எங்கவே?" செக்ரட்டரி சிரிச்சாரு. நர்ஸம்மாவெல்லாம் சிரிச்சாவ. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு.

பூஜைன்னா என்ன அண்ணாச்சி? பொட்டு மட்டுமா? கருவிக்கு அன்னைக்கி ஓய்வு குடுக்கணும். கொத்தனாரு கரண்டியத் தொட மாட்டாரு, டெய்லரு மிஷின மிதிக்க மாட்டாரு. எங்க அப்பா கதிரறுக்குற அரிவாளைக் கழுவி வச்சா மறுநாள் வரைக்கும் அதத் தாண்டிக்கூடப் போக விட மாட்டாரு. மூஞ்சி இல்லாத மெஷினுக்கு ஓய்வாவது குடுக்கலாம்லா? அதான் சொன்னேன், "சண்முகவேலு, ஒம்ம வயரெல்லாம் பூஜை நேரத்துலயும் கரண்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. என் மெஷினு ஓய்வெடுக்கும், பாரும்"னு. சொல்லிட்டு உக்காந்து நிறுத்தி வச்சேன்.

எல்லாத்தையும் நிறுத்தல, எனக்கென்ன பைத்தியமா? பில் போடுத மெஷின நிறுத்த முடியாது, லேப் மெஷின நிறுத்த முடியாது, ஆம்புலன்ஸ் கூப்பிடுத மெஷினத் தொடவே கூடாது. எது நின்னா யாருக்கும் சேதமில்லன்னு பாத்தேன். மணி சொல்லுத மெஷின் ரெண்டு இருக்கு. ரெண்டும் நான் உண்டாக்கினது. மத்த கம்ப்யூட்டரெல்லாம் அப்பப்ப இதுககிட்ட மணி கேட்டு, தன் மணியச் சரி பண்ணிக்கிடும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கேக்கலன்னா என்ன குடி முழுகிரும்? ரெண்டையும் அப்படியே நிறுத்தி வச்சேன். அணைக்கல, கவனிச்சுக்கிடுங்க. அணைக்குதது வேற, நிறுத்தி வைக்குதது வேற. தீபாராதனை ஆச்சு, சுண்டல் பொரி குடுத்தாவ, திரும்ப ஓட விட்டேன். பதினொண்ணு அஞ்சுக்கு நிறுத்தினேன், பதினொண்ணு பதினாறுக்கு விட்டேன். பதினோரு நிமிஷம். பின்னால விசாரணையில செக்ரட்டரி கால் மணி நேரம்னு எழுதினாரு, நான் அந்த இடத்துலயே அடிச்சுத் திருத்தச் சொன்னேன்.

இப்ப, நிறுத்தி வச்ச மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. மனுசன் தூங்கி எந்திரிச்சா வெளிச்சத்தப் பாத்து மணி கேப்பான். இது கேக்காது. எந்த எடத்துல நின்னுச்சோ அந்த எடத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும். பதினொண்ணு பதினாறுக்கு எழுப்பி விட்டா, அது பதினொண்ணு அஞ்சுன்னு நெனைக்கும். இது மெஷினோட குணம். என் குணம் இல்ல.

இன்னொரு சங்கதி. மொட்டமாடில ஒரு கம்பி நட்டு, அதுலருந்து சாட்டிலைட்டு மணி வாங்குத ஒரு பழைய பெட்டி இருந்துச்சு. எனக்கு முந்தி இருந்த டேனியல் சார் வச்சது. தூசி அப்பி, மஞ்சளா, ஒரு பக்கம் மூடியே கிடையாது. அத நான் மூணாவதா வச்சிருந்தேன். எதுக்கு மூணுன்னா, கம்ப்யூட்டரு மூணுகிட்டயும் மணி கேக்கும். ரெண்டு ஒரே மணி சொல்லி ஒண்ணு வேற சொன்னா, அந்த ஒண்ணப் பொய்யன்னு எழுதி ஒதுக்கி வச்சுரும். ரெண்டு பேரு சொல்லுததத்தான கேக்கணும்? அன்னைக்கி என் ரெண்டும் ஒரே மணி சொல்லுச்சு. டேனியல் சாரு பெட்டி மட்டும் பதினோரு நிமிஷம் கூடச் சொல்லுச்சு. அதப் பொய்யன்னு எழுதிருச்சு. நான் எழுதல. கம்ப்யூட்டரு எழுதுச்சு.

ஒங்களுக்குப் புரியுதா? புரியலன்னா மூஞ்சிய அப்படி வைக்காதீய, கேளுங்க. சுருக்கமாச் சொல்லுதேன். ரெண்டு மெஷினும் சேந்து பிந்திருச்சு, சரியா இருந்த ஒண்ண யாரும் நம்பல, ஆஸ்பத்திரி பூரா மணி பதினோரு நிமிஷம் பின்னால போயிருச்சு.

அப்பத்தான் இந்த இசக்கியம்மா வாரா.

ஆம்புலன்ஸ் கூப்பிடுதவுக போன எடுக்குத பொம்பள. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருசன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டான், ஒரு பொட்டப்பிள்ள. ஒன்பது வருசமா அதே நாற்காலி. பூஜைக்குக்கூட எந்திரிச்சு வரல. கூப்பிட்டதுக்கு, "போன் அடிச்சா யாரு சார் எடுப்பா"ன்னு கேட்டா. பெரிய இவளாட்டம். பதினொண்ணு முப்பத்தாறுக்கு எனக்கு இண்டர்காம்ல கூப்பிடுதா. நான் சுண்டல் தின்னுக்கிட்டு இருக்கேன்.

"சார், என் கம்ப்யூட்டர்ல மணி திடீர்னு பின்னால போயிருச்சு. சுவத்துல பதினொண்ணு முப்பத்தாறு, இதுல இருபத்தஞ்சு காட்டுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"சுவத்துக் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தும்மா."

"என் வாட்ச்லயும் முப்பத்தாறுதான் சார்."

"அப்ப அதுக்கும் மாத்து"ன்னு சொல்லி போன வச்சேன்.

தப்பா? பதிமூணு வருசம் சர்வர் பாக்குத எனக்கு, போன் எடுக்குத பொம்பள மணி சொல்லிக் குடுக்கவா? அப்பவும் நான் பாக்காம இல்ல, பாத்தேன். ஸ்க்ரீன்ல பாத்தேன். மூணுல ரெண்டு இருபத்தஞ்சுன்னு சொல்லுது. ரெண்டு சொல்லுததா, அவ சொல்லுததா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீய? என் வாட்ச்சப் பாத்திருக்கலாமேங்குதீய. வாட்ச்சு கையில இல்ல. அதையும் கழட்டி சாமி முன்னால வச்சாச்சு, செல்போனோட சேத்து. மறுநாள் கற்பூரம் காட்டினப்புறம்தான் எடுக்கணும். பக்தியா இருந்தது ஒரு குத்தமா?

அதோட விட்டேனா, பொய் சொல்லுத பெட்டிய வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு அந்தப் பழைய பெட்டியப் பிடுங்கி, என் மேசைக்கு அடியில தள்ளினேன். ரொம்ப நாளாச் செய்யணும்னு இருந்த வேலை. அன்னைக்கி அதுக்கு ஒரு காரணம் கெடச்சிச்சு.

அவ என்னயக் கூப்பிட்டு அஞ்சு நிமிஷங்கழிச்சு, பூலாங்கரையிலருந்து ஒரு போன். சிவனணைஞ்சபெருமாள்னு ஒருத்தரு, செங்கச்சூளை வச்சிருக்காரு, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. கூப்பிட்டது மகன். இசக்கியம்மாவுக்கும் அதே ஊருதான், கேட்டுக்கிடுங்க. நாலு வீடு தள்ளி. குரலக் கேட்டதுமே, "லேய் சுடலைக்கண்ணு, மாமாவ நிமிர்த்தி உக்கார வையி, வண்டி வருது"ன்னு சொல்லிட்டு, ஆலங்குளத்துல நிக்க வண்டிய மூணு நிமிஷத்துல கெளப்பி விட்டா. மூணு நிமிஷம். அத நான் மறுக்கல. வேலை தெரிஞ்சவதான். வண்டி பன்னெண்டு நிமிஷத்துல போயிருச்சு. போகும்போது உயிரு இல்ல.

விசாரணைன்னு வந்தா என்ன கேப்பாவ? போன் எப்ப வந்துச்சு, வண்டி எப்பக் கெளம்புச்சு. போன் வந்த மணி எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு: பதினொண்ணு முப்பது. வண்டி கெளம்புன மணி எங்ககிட்ட இல்ல, வண்டிலயே ஒரு கருவி இருக்கு, அது நேரா சாட்டிலைட்டுலருந்து மணி எடுக்கும்: பதினொண்ணு நாப்பத்திநாலு. கழிச்சுப் பாருங்க. பதினாலு நிமிஷம். ஒரு மனுசன் நெஞ்சு வலின்னு கூப்பிட்டுப் பதினாலு நிமிஷம் அவ சும்மா உக்காந்திருந்தான்னு கணக்கு வருது. செத்தவுக வீட்டுக்கு வருத்தம் சொல்லி ஒரு லெட்டர் போட்டாவ, அத டைப் பண்ணினது நான்தான். "எங்கள் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த தாமதத்திற்கு வருந்துகிறோம்"னு நல்ல தமிழ்ல போட்டேன். அவ பேரும் போடச் சொன்னாவ, போட்டேன். அவளச் சஸ்பெண்ட் பண்ணினாவ.

அப்ப எனக்குத் தெரியுமா தெரியாதான்னு கேக்குதீய. செக்ரட்டரியும் இதத்தான் மூணு தடவ கேட்டாரு. பூஜை அன்னைக்கிச் சாயங்காலம் பெரிய மெஷின ஒருக்க அணைச்சுப் போட்டேன், வருசா வருசம் செய்யுததுதான். முழுசா அணைச்சுப் போட்டா இதுக பெரிய மெஷின் மணியப் பாத்து ஆரம்பிக்கும், அதுல மணி தானாச் சரியாயிருச்சு. லெட்டர் அடிக்கும்போது லாக்க, அதான் மெஷின் தானா எழுதி வைக்குத பதிவ, பாத்தேன். சாயங்காலம் மணி ஒரே தாவாப் பதினோரு நிமிஷம் முன்னால போயிருக்கு. பாத்தேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன், நான் பொய் சொல்லுத ஆளு இல்ல. ஆனா என்கிட்டக் கேட்டது என்ன? போன் எப்ப வந்துச்சு, லாக்கப் பாத்து எழுதுன்னு. லாக்ல முப்பதுன்னு இருந்துச்சு, முப்பதுன்னு எழுதினேன். நானாக் கூட்டிக் கழிச்சு நாப்பத்தியொண்ணுன்னு எழுதியிருந்தா அதுதான பொய்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன், கேக்காததுக்கு எதுக்குச் சொல்லணும்? எனக்கும் சம்சாரம் இருக்கு, பிள்ளைக இருக்கு.

அவ விட்டாளா? போன் ரூம்ல ஒரு நோட்டு உண்டு. வந்த போன், போன வண்டின்னு எழுதி வைக்குதது. அதுல அன்னைக்கி அவ கைப்பட எழுதியிருக்கா: "11.36. கம்ப்யூட்டரில் மணி பின்னால் போய்விட்டது. கோமதி சாரிடம் சொன்னேன். பேட்டரி மாற்றச் சொன்னார்." பாத்தியளா வெசத்த? என் பேர எழுதணும்னு என்ன அவசியம்? நான் பேட்டரின்னு சொன்னத எழுதணும்னு என்ன அவசியம்? ஒம்போது வருசமா ஒரே வராண்டால நடந்திருக்கோம், வணக்கம் சொல்லியிருக்கா, பொங்கலுக்குப் பனங்கெழங்கு கொண்டுவந்து குடுத்திருக்கா. மனசுக்குள்ள இப்படி இருந்திருக்கா.

அந்த நோட்ட விசாரணையில வச்சா. நான் சொன்னேன், இது பின்னால எழுதிச் சேத்ததுன்னு. சண்முகவேலும் அப்படித்தான் இருக்கும்னான். அவனுக்கு என்ன பயம்னா, தான் கேலி பண்ணினதுலதான் இதெல்லாம் ஆரம்பிச்சதுன்னு வெளிய வந்துரும்னு. நாங்க ரெண்டு பேரு, அவ ஒருத்தி. செக்ரட்டரி எங்க பேச்ச எழுதிக்கிட்டாரு. அவ, "சார் சொல்லட்டும்"னு மட்டும் என்னயப் பாத்துச் சொல்லிட்டு உக்காந்திருந்தா. அழுதிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. அந்தப் பார்வையத்தான் என்னால பொறுக்க முடியல.

அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. செத்தவரோட மகன் சுடலைக்கண்ணு வந்து கெடுத்தான். இவன் யாரு தெரியுமா? லெட்டர் போன மறுநாள் இசக்கியம்மா வீட்டு வாசல்ல போயி நின்னு மண்ணள்ளித் தூத்தினவன். ஊர்க்காரன் என்ன சொன்னான்னா, குழாயில தண்ணி பிடிக்குததுல ரெண்டு வீட்டுக்கும் பழைய தகராறாம், அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் அவ வண்டி அனுப்பாம உக்காந்திருந்தான்னு. அந்த லெட்டர ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில ஒட்டிட்டானுவ. அவ மக பள்ளிக்கூடத்துக்குப் போனா, பிள்ளைக "பதினாலு, பதினாலு"ன்னு கூப்பிடுதாம். அத நான் சொல்லல, செக்ரட்டரி சொன்னாரு. எனக்குச் சங்கடமா இல்லாம இல்ல. ஆனா பிள்ளைகளுக்கு வாய அடக்கச் சொல்லிக் குடுக்காதது யாரு தப்பு?

அந்தச் சுடலைக்கண்ணு ஒரு நாள் தன் போனத் தடவிக்கிட்டு இருந்திருக்கான். அப்பாவ நெனச்சு அன்னைக்கிப் பேசினதெல்லாம் பாத்திருக்கான். விசாரணைக்கு நேரா வந்து போன மேசை மேல வச்சான். "நான் கூப்பிட்டது பதினொண்ணு நாப்பத்தியொண்ணு. ஒங்க கம்ப்யூட்டரு முப்பதுங்குது. நான் கூப்பிடுததுக்குப் பதினோரு நிமிஷம் முன்னாடியே அக்கா எப்படி சார் போன எடுத்தா?"ன்னு கேட்டான். எட்டாங்கிளாஸ் படிச்சவன் அண்ணாச்சி. அந்தக் கேள்விய எவனும் எதிர்பாக்கல. ஒன் போனு தப்பா இருக்கும்னு சொன்னேன். ரூம்ல இருந்த அத்தன பேரும் அவுகவுக போன எடுத்துப் பாக்காவ. எல்லாத்துலயும் ஒரே மணி.

அப்புறம் என்ன, மெட்ராஸ்லருந்து ஒருத்தன வரவழைச்சாவ. அவன் மேசைக்கு அடியில இருந்த பெட்டியத் தூசி தட்டிப் போட்டான். அந்தச் சனியன் பிடிச்ச பெட்டி நான் பிடுங்குத வரைக்கும் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. எவன் எப்பப் பின்னால போனான், எத்தன நிமிஷம் போனான்னு. பெரிய மெஷின்லயும் இருக்கு, கோமதிநாயகம் நிறுத்தினாரு, கோமதிநாயகம் ஓட விட்டாருன்னு. மெட்ராஸ்காரன் என்னயப் பாத்து, "மணி சொல்ற மெஷின உடம்பில்லாத மெஷின்ல வைக்கிறதே ரிஸ்க், அதுவும் ரெண்டையும் ஒரே பெட்டில வச்சு, அதையும் நிறுத்தி வைப்பாங்களா சார்"னு கேட்டான். என் மகன் வயசு. எனக்கு ஆயுத பூஜையப் பத்தித் தெரியும், அவனுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். சிரிச்சான்.

செக்ரட்டரி ஊருக்குப் புது லெட்டர் போட்டாரு. ஊர்க்காரன் நம்பல. "மொதல்ல ஒரு பேப்பரு, இப்ப ஒரு பேப்பரு. ஆஸ்பத்திரிக்காரன் ஆளக் காப்பாத்தப் பாக்கான்"ங்கான். சுடலைக்கண்ணு எடுத்துச் சொன்னதுக்கு, துட்டு வாங்கிட்டுப் பேசுதான்னு அவன் அம்மாவே அவன்கூடப் பேசுதது இல்லையாம். அந்தம்மா பேரு வள்ளிமயிலு. "இசக்கி நெனச்சிருந்தா என் தாலி நெலச்சிருக்கும்"னு தெருவுல உக்காந்து இன்னைக்கும் சொல்லுதாளாம்.

இசக்கியம்மாவ வேலைக்குக் கூப்பிட்டாச்சு. சம்பளத்த ஒண்ணு விடாமக் குடுத்தாச்சு. வர மாட்டேங்கா. "வேலை கெடக்கட்டும் சார். எங்க ஊர்ல நான் தண்ணிக்குப் போக முடியல. கோமதி சார் வந்து வள்ளிமயில் அத்தை முன்னால நின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பேப்பரு வேண்டாம், வாயால சொல்லட்டும்"னு நிக்கா. வாயால! நான் என்ன கொலையா பண்ணினேன்? மாரடைப்பு வந்தவன் செத்தான். வண்டி மூணு நிமிஷத்துலதான் கெளம்புச்சு. என்னால ஒரு உசிரு போகல, ஒரு ஆளு சாகல. மணிதான் மாறிச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு நம்பரு. அதுக்கு நான் ஒரு ஊரு முன்னால நிக்கணுமாம்.

அவ பேரு போச்சுன்னு சொல்லுதீய. என் பேரு? அத யாராவது கேட்டீயளா? சர்வர் ரூம் சாவிய வாங்கிட்டாவ. இப்ப எனக்கு ஸ்டோர்ல சக்கர நாற்காலி எண்ணுத வேலை. சண்முகவேலு போகும்போதும் வரும்போதும், "என்னவே, நாற்காலிக்கு ஓய்வு குடுத்தாச்சா"ன்னு கேக்கான். ராத்திரி படுத்தா ஒறக்கம் இல்ல. அவ பார்வதான் வருது. "சார் சொல்லட்டும்." சொல்லட்டும், சொல்லட்டும்னா என்ன சொல்ல?

ஆலங்குளம் தாண்டியாச்சா? எப்ப தாண்டுச்சு? நான் பேசிக்கிட்டே கவனிக்கல. மூணு அம்பத்தியாறு. டிரைவர் இன்னைக்கின்னு பாத்து வெரட்டிக்கிட்டு வாரான். மத்த நாள்ல இந்த வண்டி நாலேகாலுக்கு முந்திப் போகவே போகாது.

பூலாங்கரை விலக்கா? சத்தம் போடாதீய கண்டக்டர், காது கேக்கு.

அந்தா நிக்கா பாருங்க அண்ணாச்சி. பச்சச் சேல. பக்கத்துல இருக்கதுதான் அந்தப் பிள்ள. நிழற்குடைக்குள்ள தரையில உக்காந்திருக்கதுதான் வள்ளிமயிலா இருக்கும், வெள்ளச் சேல. எத்தன பேரு. டீக்கடைக்காரன் கரண்டியோட நிக்கான். இவளப் பாருங்க, ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வாரா. இந்த ஷட்டர எறக்க ஒரு கை குடுங்க. குடுங்கன்னா! விடுங்க, நானே எறக்குதேன். பாதிலயே மாட்டிக்கிட்டு நிக்கி. இந்த கவருமெண்டு வண்டில எது உருப்படியா இருக்கு?

நான் எறங்கல. என்ன அப்படிப் பாக்குதீய? எறங்கலதான். டிக்கெட்டப் பாருங்க, தென்காசிக்கு. ஜங்ஷன்ல ஏறும்போதே தென்காசின்னுதான் கேட்டு வாங்கினேன். தென்காசில என் மச்சினன் இருக்கான், அவன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டுப் போவேன். திங்கக்கெழம செக்ரட்டரிகிட்ட, போனேன், ஊர்ல யாரும் கூடலன்னு சொல்லிருவேன். கையெழுத்தா? மச்சினன் மக போடுவா. தலையக் குனிஞ்சுக்கிடுதேன், நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு மறைச்சுக்கிடுங்க, ஒரு நிமிஷம்தான்.

கண்டக்டர், ரைட் குடுங்க. என்ன மூட்டை? பூசணிக்காயா? எல்லா மூட்டையும் இன்னைக்கே ஏத்தணுமா?

அண்ணாச்சி, எதுக்கு எந்திரிக்கிதீய? ஒங்க டிக்கெட்டும் தென்காசிக்குல்லா? கண்டக்டரு கிழிச்சுக் குடுத்தத நான் பாத்தேனே. உக்காருங்க. பைய எதுக்கு எடுக்குதீய? அண்ணாச்சி, நான் ஒங்ககிட்டச் சொன்னது ஒங்களுக்குச் சொன்னது. மனுசனுக்கு மனுசன் பேசினது. அதப் போயி... வழி விடாதீயம்மா அவருக்கு. கண்டக்டர், அவரு தென்காசி டிக்கெட்டு, இங்க எறக்காதீய! கேக்குதா கண்டக்டர்?

எறங்கிட்டாரே. அவகிட்டயே போறாரே.

ஓய்! அண்ணாச்சி! இங்க பாரும்வே! அவகிட்ட என்ன சொல்லுதீரு? பேரே தெரியாத ஆளு நீரு, ஒமக்கு என்ன தெரியும் சர்வரப் பத்தி? எதுக்கு இந்த ஜன்னலக் காட்டுதீரு? ஏம்மா, அந்தாளு பேச்சக் கேக்காதீய, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது.

என்னது? எத்தன? கால் மணி நேரமா? எவன்வே கால் மணி நேரம்னு சொன்னான்? நான் ஒம்மகிட்ட அப்படியா சொன்னேன்? தெரிஞ்சாச் சொல்லும், தெரியலன்னா வாய மூடும்! பதினொண்ணு அஞ்சுலருந்து பதினொண்ணு பதினாறு. பதினோரு நிமிஷம்வே! நான் நிறுத்தி வச்சது பதினோரு நிமிஷம்! அவ மூணு நிமிஷத்துல அனுப்பிட்டா, மிச்சம் பதினொண்ணும் என்னுது!